குழாய்க்கு மேல் நடப்பவர்கள்

ஆந்திரத்தின் கார்வேட்டிநகரம் பக்கத்து மலைகளில் பெருமழை பெய்தால் கிருஷ்ணாபுரம் அணை நிரம்பும். உபரி நீரைத் திறந்துவிட்டால் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் புரளும். எல்லை தாண்டிப் பள்ளிப்பட்டில் தரைப்பாலங்கள் மூழ்கும். அந்தத் தண்ணீர் திருவள்ளூர் மாவட்டத்தைக் கடந்து, பூண்டியில் தேங்கி, மிச்சம் எண்ணூர் முகத்துவாரத்தில் கடலோடு சேரும். ஆற்றின் போக்கு மேற்கிலிருந்து கிழக்கே. இதே வட்டாரத்தில் மண்ணுக்கு அடியில் இன்னொரு ஓட்டம் கிழக்கிலிருந்து மேற்கே போகிறது. எண்ணூரில் 2019 மார்ச்சில் திறக்கப்பட்ட எல்.என்.ஜி. (திரவ இயற்கை எரிவாயு) முனையத்தில் இறங்கும் இயற்கை எரிவாயு, திருவள்ளூர், சித்தூர் மாவட்டங்கள் வழியாகக் குழாயில் பெங்களூருக்குப் போகிறது.

ஆற்றங்கரை நெடுக ஆந்திர எல்லைக்கு அப்பால் யானாதிகளும் இப்பால் இருளர்களும் வாழ்கிறார்கள். வயல்களில் எலி பிடிக்கிறார்கள், ஏரி குளங்களில் மீன் பிடிக்கிறார்கள், செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் கூலி வேலை செய்கிறார்கள். எண்ணூர், பழவேற்காடு கழிமுகங்களில் இடுப்பளவு நீரில் நகர்ந்தபடி சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்களும் இருளர்களே. பிடித்த இறாலைப் போட பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். கைக்குத் தட்டுப்படும் சேற்றின் சூடும் வாடையும் மாறினால் முதலில் அறிபவர்கள் இவர்கள்.

குழாயைக் கண்காணிப்பது யார் என்று கேட்டால், கருவிகளும் கட்டுப்பாட்டு அறையும் என்பதுதான் வழக்கமான பதில். பாதி பதில்தான் அது. மீதிப் பாதி குழாய்க்கு மேல் தினமும் நடப்பவர்களிடம் இருக்கிறது. அவர்களைக் கணக்கில் சேர்க்காத பாதுகாப்பு அரைகுறைப் பாதுகாப்பு என்பதற்குப் பல நாடுகளில் சான்று உண்டு.

கருவிக்குத் தெரிவதும் தெரியாததும்

நீண்ட தூரக் குழாயில் கசிவைக் கண்டறிய முதல் வழி கணக்குப் பார்ப்பது. இந்த முனையில் எவ்வளவு உள்ளே போனது, அந்த முனையில் எவ்வளவு வெளியே வந்தது என்று கணினி ஓயாமல் ஒப்பிடுகிறது. வித்தியாசம் வந்தால் எச்சரிக்கை மணி அடிக்கும். இரண்டாவது வழி அழுத்தத்தைக் கவனிப்பது. குழாய் திடீரென்று உடைந்தால் அந்த இடத்திலிருந்து அழுத்தக் குறைவு ஒரு அலையாக இரு பக்கமும் ஓடும். எண்ணெயில் அதன் வேகம் வினாடிக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர். இரு முனைகளிலும் அலை வந்து சேரும் நேரத்தை வைத்து உடைப்பு எங்கே என்று கணிக்கலாம்.

பெரிய உடைப்புக்கு இந்த இரண்டும் போதும். சிறு கசிவுக்குப் போதாது. அளவு மானிகளில் எப்போதும் சிறு பிழை இருக்கும். வெப்பம் மாறினால் திரவத்தின் பருமன் மாறும். வாயுவோ குழாய்க்குள் இறுகியும் தளர்ந்தும் கிடக்கும். அதனால் ஓட்டத்தில் ஒரு சதவீதத்துக்குக் கீழான கசிவு பெரும்பாலும் கணக்குக்குள் மறைந்துபோகிறது. நாளொன்றுக்கு 10,000 கன மீட்டர் எண்ணெய் ஓடும் குழாயில் ஒரு சதவீதம் என்பது 100 கன மீட்டர், அதாவது ஒரு லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரிகள் எட்டுக்கு மேல் தேவைப்படும் அளவு.

இவற்றைத் தவிர வேறு ஏற்பாடுகளும் உண்டு. குழாயோடு சேர்த்துப் புதைக்கப்படும் கண்ணாடி இழையில் ஒளியைச் செலுத்தி, அது சிதறித் திரும்புவதை அளந்தால் மேலே யாரோ தோண்டுகிற அதிர்வு தெரியும். துருப் பிடிக்காமல் இருக்க இரும்புக்குச் சிறு மின்னோட்டம் கொடுத்துக் காப்பார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை 'பிக்' என்ற கருவியைக் குழாய்க்குள் ஓடவிட்டு, காந்தப் புலத்தின் மாற்றத்தை வைத்துச் சுவர் எங்கே மெலிந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒவ்வொன்றும் பயனுள்ளது. ஆனால் இவை எல்லாம் அனுப்பும் செய்தி கடைசியில் ஒரு மனிதரின் மேசைக்கு வந்துதான் முடிவாகிறது.

2010 ஜூலை 25ஆம் தேதி மாலை, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மார்ஷல் என்ற ஊர் அருகே என்பிரிட்ஜ் நிறுவனத்தின் கச்சா எண்ணெய்க் குழாய் ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளத்துக்குக் கிழிந்தது. கனடாவில் இருந்த கட்டுப்பாட்டு அறையில் மணிகள் அடித்தன. குழாய்க்குள் திரவம் பிரிந்து வெற்றிடம் உண்டாகியிருக்கிறது, வேறொன்றுமில்லை என்று முடிவுகட்டினார்கள். 17 மணி நேரத்தில் இரண்டு முறை பம்புகளை மறுபடி ஓட்டினார்கள். வெளியேறிய 30 லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட எண்ணெயில் பெரும்பங்கு அந்த இரண்டு முறை ஓட்டியபோதுதான் கொட்டியது. இத்தனைக்கும் அன்றிரவே ஊர் மக்கள் நாற்றம் அடிக்கிறது என்று அவசர எண்ணுக்கு அழைத்திருந்தார்கள். அந்தத் தகவல் கட்டுப்பாட்டு அறையைச் சேரவில்லை. மறுநாள் முற்பகல் உள்ளூர் எரிவாயு நிறுவன ஊழியர் ஒருவர் எண்ணெயைக் கண்ணால் பார்த்துச் சொன்ன பிறகே குழாய் மூடப்பட்டது. அதற்குள் கலமசூ ஆறு கறுத்துவிட்டது.

நம் பக்கத்து அனுபவம் இன்னும் கொடியது. 2014 ஜூன் 27 விடிகாலை, ஆந்திரத்தின் கிழக்கு கோதாவரி மாவட்டம் நகரம் என்ற கிராமத்தில் கெயில் நிறுவனத்தின் 18 அங்குலக் குழாய் வெடித்தது. 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தென்னந்தோப்புகளும் வீடுகளும் கருகின. உலர்ந்த வாயுவுக்கான குழாயில் நீரும் திரவமும் கலந்த ஈர வாயு ஓடியது. குழாயின் அடிப்புறத்தில் தேங்கிய நீர் உள்ளேயிருந்தே இரும்பை அரித்தது. இரவில் கசிந்து தாழ்வாகப் பரவியிருந்த வாயு, காலையில் டீக்கடை அடுப்பு பற்றவைக்கப்பட்டதும் தீப்பிடித்தது. கசிவு நாற்றம் பற்றி முன்பே புகார் சொல்லியிருந்ததாக ஊர் மக்கள் கூறினார்கள். மிச்சிகனிலும் கோதாவரிக் கரையிலும் மனித மூக்கு வேலை செய்திருக்கிறது. மூக்கு சொன்னதைக் கேட்டு வால்வை மூட வேண்டிய ஏற்பாடுதான் வேலை செய்யவில்லை.

மண் காட்டும் அடையாளங்கள்

வீட்டு சிலிண்டர் கசிந்தால் நாற்றம் வரும். அந்த நாற்றம் எத்தில் மெர்காப்டன் போன்ற கந்தகச் சேர்மத்தைக் கலப்பதால் வருவது. நெடுந்தூரக் குழாய்களில் ஓடும் இயற்கை எரிவாயுவில் பெரும்பாலும் அதைக் கலப்பதில்லை; ஊருக்குள் விநியோகிக்கும் கட்டத்தில்தான் கலக்கிறார்கள். வேறெதுவும் கலக்காத மீத்தேனுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ஆகவே வயல் நடுவே போகும் குழாய் கசிந்தால் மூக்கை மட்டும் நம்ப முடியாது. வேறு அடையாளங்களைப் பார்க்கத் தெரிய வேண்டும்.

சுற்றிலும் பச்சையாக இருக்கும்போது ஓரிடத்தில் மட்டும் புல்லோ பயிரோ பழுத்துக் காய்ந்து நிற்பது ஒன்று. மண்ணுக்குள் ஏறும் மீத்தேன் அங்கிருக்கும் காற்றை வெளியே தள்ளுகிறது. மீத்தேனைத் தின்னும் நுண்ணுயிரிகள் பெருகி, மிச்சமிருக்கும் ஆக்சிஜனையும் தீர்க்கின்றன. வேர் மூச்சுவிட முடியாமல் சாகிறது. தேங்கிய நீரில் ஒரே இடத்திலிருந்து விடாமல் வரும் குமிழி இரண்டாவது. காற்றில்லாத நேரத்தில் புழுதி எழும்புவதும், சீறல் ஒலி கேட்பதும் மூன்றாவது. உயர் அழுத்த வாயு சிறு துளை வழியாக வெளியே வந்து விரியும்போது குளிர்ந்துவிடும் என்பதால், வெயிலிலும் அந்த இடத்து மண் சில்லென்று இருக்கலாம், பனிகூடப் படியலாம்.

எண்ணெய்க் குழாயாக இருந்தால் தண்ணீர் மேல் வானவில் நிறப் படலம் மிதக்கும். ஆனால் இரும்புச் சத்து மிகுந்த சேற்று நீரில் பாக்டீரியாக்களும் அதே போன்ற படலத்தை உண்டாக்கும். வேறுபாடு காண ஒரு குச்சி போதும். குச்சியால் கலக்கினால் பாக்டீரியாப் படலம் சில்லு சில்லாக உடைந்து அப்படியே கிடக்கும். எண்ணெய்ப் படலம் விலகி, உடனே மறுபடி கூடி ஒன்றாகும்.

இதையெல்லாம் ஒரு பயிற்சி வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிடலாம். மண்ணில் நேற்றிருந்ததற்கும் இன்றிருப்பதற்கும் உள்ள சின்ன மாற்றத்தைக் கண்டுபிடிக்கும் கண்ணை ஒரு வகுப்பில் கொடுக்க முடியாது. இருளர் எலி பிடிப்பதைப் பார்த்தால் இது புரியும். வரப்பில் பத்து வளை இருந்தால் எதில் எலி இருக்கிறது என்று வளை வாயில் கிடக்கும் மண்ணை வைத்துச் சொல்வார்கள். புதிதாகத் தள்ளிய ஈர மண்ணா, வெயிலில் உலர்ந்த பழைய மண்ணா, சிலந்தி நூல் குறுக்கே இருக்கிறதா, நெற்கதிர்த் துண்டு சிந்தியிருக்கிறதா என்று ஒரு நொடியில் பார்த்துவிடுவார்கள். இந்தத் திறமையின் மேல்தான் 1978இல் தொடங்கி, சென்னையை அடுத்த வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நிற்கிறது. பாம்புக்கடி மருந்து தயாரிக்க அது விஷம் தருகிறது. மலைப்பாம்பைக் கண்டுபிடிக்க முடியாமல் திணறிய அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம் 2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களை வரவழைத்தது. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்தக் கண்ணுக்கு மதிப்பு உண்டு என்று நாடே ஒப்புக்கொண்டாயிற்று.

எலி பிடிப்பதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. வளைக்குள் எலியைத் திணறடிக்க, ஓட்டையிட்ட பானையில் வைக்கோலைக் கொளுத்தி வாயால் ஊதிப் புகையை உள்ளே செலுத்துவது பழைய முறை. பின்னர் கையால் சுற்றும் இரும்புக் கருவியும் வந்தது. எதுவானாலும் உள்ளே நெருப்புதான். மண்ணுக்கடியில் கசியும் வாயு இளகிய மண்ணையும் வளைகளையும் பொந்துகளையும் தேடித்தான் நகரும். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும். குழாய்ப் பாதையில் கசிவு இருக்கும் நாளில் முதலில் வளை முன் குனிந்து நெருப்பு ஊதுபவருக்குத்தான் உயிராபத்து. கசிவின் அடையாளங்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டிய முதல் ஆள் அவர்.

பட்டா இல்லாதவருக்குத் தபால் வராது

குழாய் போடும் உரிமையைத் தருவது 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியம், கனிமக் குழாய்கள் சட்டம். நிலத்தை வாங்காமல், அதில் குழாய் புதைத்துப் பயன்படுத்தும் உரிமையை மட்டும் அரசு எடுத்துக்கொள்ளும். அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதமும், பயிர் முதலியவற்றுக்கான நட்டமும் இழப்பீடு. அதற்குப் பிறகு அந்தப் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. குழாய்த் திட்டத்தை எதிர்த்துக் கொங்கு வட்டாரத்தில் விவசாயிகள் கொதித்தெழுந்ததற்கு இந்த விதிகள் ஒரு காரணம்.

விவசாயிக்காவது அறிவிப்பு வருகிறது. அவர் வயலில் எலி பிடிப்பவருக்கு, வாய்க்காலில் மீன் பிடிப்பவருக்கு, புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவருக்கு எதுவும் வருவதில்லை. நிலத்தோடு அவர்களுக்கு உள்ள உறவு பட்டாவில் எழுதப்படாத உறவு. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தை ஒட்டி, காட்டு நிலத்தை எடுக்கக் கிராம சபையின் சம்மதம் வேண்டும் என்று மத்திய அரசு 2009இல் சொன்னது. 2013 பிப்ரவரி 5ஆம் தேதிச் சுற்றறிக்கை, குழாய், சாலை, மின்கம்பி போன்ற நீள்வாட்டுத் திட்டங்களுக்கு அந்தச் சம்மதம் வேண்டாம் என்று விலக்கு அளித்தது. மிகவும் நலிந்த பழங்குடிகளின் அங்கீகரிக்கப்பட்ட உரிமைகள் பாதிக்கப்படும் இடங்களுக்கு மட்டும் அந்த விலக்கு பொருந்தாது. தமிழ்நாட்டில் அப்படி வகைப்படுத்தப்பட்ட ஆறு பழங்குடிகளில் இருளரும் ஒருவர். ஆனால் சமவெளி வயலிலும் ஏரிக்கரையிலும் வாழும் இருளருக்கு, காட்டைப் பற்றிய இந்தப் பாதுகாப்பால் பெரிய பயன் இல்லை.

குழாய் நிறுவனங்கள் உள்ளூர் ஆட்களை அறவே ஒதுக்கிவிட்டன என்றும் சொல்ல முடியாது. 'லைன் வாக்கர்' என்ற பெயரில், பாதையோரக் கிராமத்து ஆட்கள் ஜி.பி.எஸ். கருவியோடு தினமும் சில கிலோமீட்டர் குழாய் மேல் நடக்கிறார்கள். ஜே.சி.பி. தோண்டுகிறதா, எண்ணெய் திருட யாராவது துளை போட்டிருக்கிறார்களா, வெள்ளத்தில் மண் அரித்துக் குழாய் வெளியே தெரிகிறதா என்று பார்த்துச் சொல்வது அவர்கள் வேலை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவர்கள் ஒப்பந்தக் கூலிகள். பார்த்ததைச் சொல்லலாம், சொன்னதன் மேல் என்ன நடந்தது என்று கேட்கும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

எண்ணூர் சொன்ன பாடம்

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பம் மக்கள் கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாக விழித்தார்கள். கப்பலிலிருந்து கோரமண்டல் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. கடலில் குமிழி கொப்பளிப்பதைக் கரையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். அம்மோனியா மைனஸ் 33 டிகிரியில் கொதிப்பது. திரவமாகக் கொண்டுவர வேண்டுமென்றால் குழாயை முதலில் குளிர்விக்க வேண்டும். அந்தக் குளிர்விப்பின்போதுதான் கசிவு தெரியவந்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளந்தபோது ஆலை அருகே காற்றில் ஒரு கன மீட்டருக்கு 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா இருந்தது. 24 மணி நேர வரம்பு 400. கடல் நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம், வரம்பு 5. அம்மாதத் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயலின் அலைகளில், குழாயை ஒட்டிக் கிடந்த கருங்கற்கள் நகர்ந்து இடித்திருக்கலாம் என்று ஆய்வுக் குழு கருதியது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. புயலுக்குப் பின் கடலடியில் மணல் எங்கே ஒதுங்கியது, கல் எங்கே புரண்டது என்பதைக் குப்பத்து மீனவர் வலை சிக்கும் இடத்தை வைத்தே சொல்லிவிடுவார். அதே ஆண்டு மார்ச்சில் நாகூர் பட்டினச்சேரியில் சி.பி.சி.எல். நிறுவனத்தின் கச்சா எண்ணெய்க் குழாய் கசிந்தபோதும் கடலில் எண்ணெயைக் கண்டு குரல் எழுப்பியவர்கள் மீனவர்களே. புயலுக்குப் பிறகு குழாயை மறுபடி இயக்குவதற்கு முன் அவர்களைக் கேட்க வேண்டும் என்று எந்த நடைமுறையும் இல்லை.

கனடாவில் எடுத்த முயற்சி

கேட்பதை ஒரு நடைமுறையாக்க கனடா முயன்றிருக்கிறது. ஆல்பர்ட்டாவிலிருந்து பசிபிக் கரைக்கு 1,150 கிலோமீட்டர் ஓடும் டிரான்ஸ் மவுண்டன் எண்ணெய்க் குழாயை விரிவாக்க 2016இல் அனுமதி கிடைத்தது. வழிநெடுகத் தொல்குடிகளின் நிலம். 2017இல் தொல்குடி ஆலோசனை, கண்காணிப்புக் குழு அமைந்தது. அதில் பழங்குடி, மெட்டிஸ் சமூகப் பிரதிநிதிகள் 13 பேர், அரசின் மூத்த அதிகாரிகள் 6 பேர். தொல்குடிக் கண்காணிப்பாளர்கள் அரசின் ஆய்வாளர்களோடு சேர்ந்து களத்துக்குப் போகிறார்கள். வெல்டிங் தரத்தை ஆய்வாளர் பார்க்கும்போது, மீன் முட்டையிடும் ஓடையையும் மூதாதையர் புதைவிடத்தையும் மூலிகை வளரும் சரிவையும் இவர்கள் பார்க்கிறார்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடும் கூட்டங்களில், சடங்குகளுக்கு நடுவே, குழாய் பற்றிய பேச்சும் நடக்கிறது. இந்தக் குழுவில் சேர்வது திட்டத்துக்குச் சம்மதம் ஆகாது, எதிர்ப்பவர்களும் உட்காரலாம்.

அதனால் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால் இல்லை. போதிய கலந்தாலோசனை நடக்கவில்லை என்று 2018 ஆகஸ்டில் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியையே ரத்து செய்தது. அரசு மறுபடி அனுமதி கொடுத்தது. சில பழங்குடிகள் கடைசிவரை எதிர்த்தார்கள். விரிவாக்கப்பட்ட குழாய் 2024 மே 1 முதல் ஓடுகிறது. அதற்கு முன்பே, 2020 ஜூனில் சுமாஸ் பழங்குடியினரின் புதைவிடம் அருகே உள்ள பம்பு நிலையத்தில், ஒரு அங்குலச் சிறு குழாயின் இணைப்பு பழுதாகி, அதிகபட்சம் 1,90,000 லிட்டர் எண்ணெய் கசிந்ததாக மதிப்பிட்டார்கள். குழு அமைத்தால் இணைப்புப் பழுது நின்றுவிடாது. ஆனால் கசிந்த பின் யாரிடம் சொல்ல வேண்டும், யார் களத்துக்கு வர வேண்டும், எந்த இடத்தைத் தோண்டக் கூடாது என்பதில் தொல்குடிகளுக்கு எழுத்துப்பூர்வமான இடம் கிடைத்திருக்கிறது. நம்மிடம் அது இல்லை.

மாசி மகத்தில் கூடுகிறார்கள்

சிதறி வாழும் இருளரிடம் எப்படிப் போய்ப் பேசுவது என்று அதிகாரிகள் கேட்பதுண்டு. அவர்கள் தாங்களாகவே கூடுகிறார்கள். ஆண்டுதோறும் மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் வடதமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இருளர்கள் வந்து மணலில் கூடாரம் போடுகிறார்கள். பௌர்ணமி விடியலில் மணலால் ஏழு படி கட்டிப் பூ வைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். அங்கேயே பெண் பார்க்கிறார்கள், தாலி கட்டுகிறார்கள், குழந்தைக்கு மொட்டையடிக்கிறார்கள், பெரியவர்கள் வழக்கு தீர்க்கிறார்கள். ஒரு ஊரில் நடந்தது மறு ஊருக்குப் போய்ச் சேருவது இந்தக் கரையில்தான்.

நிறுவனம் பந்தல் போட்டுத் தொப்பியும் துண்டறிக்கையும் கொடுத்தால் அது திருவிழாவைக் கெடுக்கும். பெரியவர்களின் அனுமதியோடு விருந்தாளியாகப் போய், உங்கள் ஊர் மண்ணில் இந்த வருடம் என்ன மாற்றம் பார்த்தீர்கள் என்று கேட்டால், அந்தப் பதில்களே ஒரு கண்காணிப்பு அறிக்கை.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிக்காதவை. எல்லை வட்டாரத்தில் எச்சரிக்கைப் பலகை தெலுங்கிலும் தமிழிலும் இருக்க வேண்டும்; எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படமாகவும் இருக்க வேண்டும். அவசர எண்ணில் இரு மொழியிலும் பதில் சொல்ல ஆள் வேண்டும். வந்த ஒவ்வொரு அழைப்பும், அதன் மேல் எடுத்த நடவடிக்கையும் ஊராட்சியில் ஒட்டப்பட வேண்டும். லைன் வாக்கர் வேலையில் இருளருக்கும் யானாதிக்கும் முன்னுரிமையும் நியாயமான சம்பளமும் தர வேண்டும். வெள்ளமோ புயலோ வந்துபோன பின், ஆற்றைக் கடக்கும் குழாயை இயக்குவதற்கு முன் கரையில் வாழ்பவர்களோடு ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். மாவட்ட ஆட்சியர் நடத்தும் பேரிடர் ஒத்திகையில் வேடிக்கை பார்ப்பவர்களாக அல்லாமல் பொறுப்புள்ளவர்களாக அவர்கள் நிற்க வேண்டும்.

உங்கள் ஊர் வழியாகக் குழாய் போனால், பலகையில் உள்ள எண்ணை இன்றைக்கே போனில் பதிந்து வையுங்கள். சீறல், குமிழி, கருகிய புல் எதைக் கண்டாலும் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், நெருப்பு மூட்டாமல், காற்று வரும் திசையை நோக்கி விலகி நடந்து, தூரம் போன பிறகு அழையுங்கள். உங்கள் வயலில் எலி பிடிக்க வருபவருக்கும் அந்த எண்ணைச் சொல்லிக்கொடுங்கள்.